கொடி எண்ணுகிறவர்களின் பாதிக் கணக்கு

ஏப்ரல் மாதத்தில் அமெரிக்கக் கல்லூரி ஐஸ் ஹாக்கியின் கோப்பை முடிவாகும். அடுத்த வாரமே யாராவது ஒருத்தர் 'வரலாற்றிலேயே மகத்தான ப்ரோக்ராம் எது?' என்று ஒரு பட்டியலைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். சில வருடங்களாக இந்தப் பட்டியல்களை விடாமல் வாசிக்கிறேன். கோபப்படுவதற்காகவே வாசிக்கிறேன் என்றும் சொல்லலாம். எல்லாம் ஒரே மாதிரிதான் தொடங்கும். டென்வர் பத்து கோப்பை. மிச்சிகன் ஒன்பது. நார்த் டகோட்டா எட்டு. அப்புறம் விஸ்கான்சின் ஆறு. பாஸ்டன் காலேஜ், பாஸ்டன் யூனிவர்சிட்டி, மினசோட்டா மூன்றுக்கும் தலா ஐந்து. 2025 வரைக்குமான கணக்கு இது. கூட்டலில் பிழை கிடையாது. அந்தந்த ஊர் அரங்கத்தின் கூரையில் தொங்கும் கொடிகளை எண்ணினால் இதே எண்கள்தான் வரும்.

என் சண்டை 'ப்ரோக்ராம்' என்ற சொல்லோடு. டீம் வேறு, ப்ரோக்ராம் வேறு. டீம் நாலு வருடத்தில் படிப்பை முடித்துக்கொண்டு கிளம்பிவிடும். ப்ரோக்ராம் என்றால் ஒரு பல்கலைக்கழகம் இந்த விளையாட்டோடு வைத்திருக்கும் மொத்த உறவு: ஐஸ் ரிங்க், கோச்கள், உதவித்தொகை, அந்த ஊர்ப் பிள்ளைகள், தலைமுறை தலைமுறையாக வந்து உட்காரும் சனம். இந்த அர்த்தத்தில்தான் அமெரிக்கர்களும் அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். சரி, அப்படியே எடுத்துக்கொள்வோம். பட்டியலின் முதல் மூன்று இடங்களை இன்னொரு தடவை பாருங்கள். டென்வரில் பெண்கள் வார்சிட்டி ஹாக்கி அணி இல்லை. மிச்சிகனிலும் இல்லை. நார்த் டகோட்டாவில் இருந்தது, 2017-இல் இழுத்து மூடிவிட்டார்கள்.

வார்சிட்டி என்றால் பல்கலைக்கழகமே தன் பணத்தில், தன் பெயரில் நடத்தும் அணி. க்ளப் என்பது மாணவர்களே கைக்காசு போட்டு, கிடைத்த நேரத்தில் ஐஸை வாடகைக்குப் பிடித்து ஆடுவது. இரண்டுக்கும் இடையில் உள்ள தூரம் சாதாரணம் இல்லை. வரலாற்றின் மகத்தான மூன்று ஹாக்கிப் ப்ரோக்ராம்கள் என்று ரசிகர்கள் கொண்டாடும் மூன்று இடத்திலும் ஒரு பெண் இன்று வார்சிட்டி ஹாக்கி ஆட முடியாது. பட்டியல் போடுகிறவர்களில் யாருக்கும் இது உறுத்தவில்லையே என்பதுதான் எனக்கு ஆச்சரியம். "இது ஆண்கள் பட்டியல்" என்று தலைப்பில் எழுதிவிட்டாலாவது சும்மா இருப்பேன். எழுத மாட்டார்கள். பெண்களுக்குத் தனிப் பட்டியல் போடும்போது மட்டும் 'பெண்கள்' என்ற அடைமொழி ஞாபகமாக வந்துவிடும்.

இதைச் சொன்னதும் வரும் பதில் எனக்கு மனப்பாடம். "பெண்கள் ஹாக்கியில் போட்டியே இல்லைங்க. என்சிஏஏ பெண்களுக்குக் கோப்பை வைத்ததே 2001-இல்தான். 2013 வரைக்கும் பதிமூன்று கோப்பையையும் மினசோட்டா டுலூத், மினசோட்டா, விஸ்கான்சின் என்று மூன்றே பேர் பங்கு போட்டுக்கொண்டார்கள். இதைப் போய் டென்வரோடு ஒப்பிடலாமா?"

மேலோட்டமாகக் கேட்டால் நியாயமான வாதம். கணக்கும் சரிதான்: டுலூத் ஐந்து, மற்ற இரண்டும் தலா நான்கு. ஆனால் இந்த அளவுகோலை வைத்து ஆண்களை அளந்து பார்த்தவர்கள் யாராவது உண்டா? நான் அளந்தேன்.

ஆண்களுக்கான என்சிஏஏ போட்டி 1948-இல் தொடங்கியது. கொலராடோ ஸ்பிரிங்ஸில் பிராட்மூர் என்று ஒரு பெரிய ஹோட்டல். அதன் ஐஸ் அரங்கத்தில் முதல் பத்து வருடமும் அங்கேயேதான் நடந்தது. எத்தனை அணி தெரியுமா? நான்கு. கிழக்கிலிருந்து இரண்டு, மேற்கிலிருந்து இரண்டு, அழைப்பு அனுப்பிக் கூப்பிட்டு வைத்து ஆடவிடுவார்கள். அரையிறுதி ஒன்று, இறுதி ஒன்று. இரண்டு மேட்ச் ஜெயித்தால் நீங்கள் தேசிய சாம்பியன். மிச்சிகனின் கோச் விக் ஹெய்லிகர் 1948, 1951, 1952, 1953, 1955, 1956 என்று ஆறு கோப்பை எடுத்தது இப்படித்தான். ஆறு கோப்பைக்கும் சேர்த்துப் பன்னிரண்டு வெற்றி. 1964-இல் வந்த ஏழாவதும் நாலு அணிக் கோப்பைதான். முதல் பத்து வருடக் கோப்பைகளில் ஆறு ஒரே பல்கலைக்கழகத்துக்குப் போயிருக்கிறது. இதை யாரும் 'போட்டி இல்லாத காலம்' என்று சொல்லி நான் கேட்டதில்லை. 'மிச்சிகனின் பொற்காலம்' என்கிறார்கள்.

விஸ்கான்சின் பெண்கள் 2006-இல் முதல் கோப்பையை எடுத்தபோது போட்டியில் எட்டு அணிகள். மூன்று மேட்ச் ஜெயிக்க வேண்டும். 2007-இல் மறுபடி எடுத்தார்கள். அந்த வருடம் காலிறுதியில் ஹார்வர்டோடு மோதியது நாலாவது ஓவர்டைம் வரை போய் 1-0 என்று முடிந்தது. ஏறக்குறைய இரண்டு மேட்ச் நேரத்தை ஒரே ராத்திரியில் ஆடியிருக்கிறார்கள். 1950-களில் ஒரு முழுக் கோப்பைக்கு ஆன உழைப்பு இவர்களுக்கு ஒரு காலிறுதிக்கே ஆகியிருக்கிறது. ஆகவே நண்பர்களே, ஆரம்ப காலத்துக் கோப்பைக்கு மதிப்புக் குறைவு என்றால் இரண்டு பக்கமும் குறையுங்கள். கூட்டுவதென்றால் இரண்டு பக்கமும் கூட்டுங்கள். எந்தப் பக்கமாகக் கணக்குப் போட்டாலும் எனக்குச் சம்மதம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு தராசைப் பிடிக்காதீர்கள், அவ்வளவுதான் கேட்கிறேன்.

மிச்சிகனுக்கு ஒரு நியாயம் சொல்லிவிடுகிறேன். 1996, 1998 இரண்டும் பன்னிரண்டு அணிகள் ஆடிய காலம். அந்த இரண்டையும் யாரும் குறை சொல்ல முடியாது. டென்வருக்கு இன்னும் பெரிய நியாயம் உண்டு. அதன் பத்தில் பாதி (1958, 1960, 1961, 1968, 1969) மர்ரே ஆம்ஸ்ட்ராங் என்ற கோச்சின் காலத்து நாலு அணிக் கோப்பைகள். மீதிப் பாதி 2004, 2005, 2017, 2022, 2024. இந்த ஐந்தும் பதினாறு அணிகளுக்கு நடுவே நாலு நாக்அவுட் ஆட்டம் ஜெயித்து எடுத்தவை. 2004 இறுதியில் மெய்னுக்கு எதிராக 1-0 முன்னிலை. கடைசி ஒன்றரை நிமிடம் டென்வரின் இரண்டு பேர் தண்டனைப் பெட்டியில். மெய்ன் கோல்கீப்பரையும் வெளியே எடுத்துவிட்டு ஆறு பேரை இறக்கியது. ஆறு பேருக்கு எதிராக மூன்று பேர். தாக்குப்பிடித்தார்கள். 2024-இல் நாலு மேட்சிலும் சேர்த்து அவர்கள் வாங்கிய கோல் மொத்தமே மூன்று. இதையெல்லாம் பார்த்துவிட்டு டென்வரைச் சின்னதாகப் பேச எனக்கு மனசு வராது. டென்வர் மகத்தான ஆண்கள் அணி. அந்தச் சொல்லோடு நிறுத்திக்கொண்டால் சண்டை முடிந்தது.

டென்வரைப் பற்றி இன்னொரு பழைய சண்டையும் இருக்கிறது. அதில் நான் டென்வர் கட்சி. ஆம்ஸ்ட்ராங் தன் அணியைக் கனடாவிலிருந்து திரட்டினார், சிலர் வயது கூடியவர்கள். மினசோட்டாவின் கோச் ஜான் மாரியூச்சிக்கு இது ஆகவே ஆகாது. அமெரிக்கப் பிள்ளைகளின் இடத்தை வெளியாட்கள் பிடிக்கிறார்கள் என்று டென்வரோடு ஆடவே மறுத்தார். இந்தத் தகராறில் 1958-இல் மேற்கத்திய லீகே உடைந்துபோனது. மாரியூச்சியின் பிடிவாதத்தில் ஒரு நன்மை உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் 'கனடாக்காரன் எடுத்த கோப்பை செல்லாது' என்று இன்னமும் முனகுகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு பில் மாஸ்டர்டன் பெயரைச் சொல்லுங்கள். வின்னிபெக் பையன். டென்வரின் 1961 அணியில் ஆடி அந்த வருடப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் ஆனவர். அந்த அணி 30 வெற்றி, ஒரு தோல்வி, ஒரு டிரா. 1968 ஜனவரியில், ஹெல்மெட் போடாத காலத்தில், ஓர் என்ஹெச்எல் ஆட்டத்தில் விழுந்து தலையில் அடிபட்டு இறந்தார். அந்த லீக்கில் களத்தில் பட்ட அடியால் நேரடியாக இறந்த ஒரே ஆட்டக்காரர் அவர்தான். கோப்பைக்குக் குடியுரிமை பார்க்கிற பேச்சை அதோடு விட்டுவிடலாம்.

இனி நார்த் டகோட்டா. இங்கேதான் எனக்கு வயிறு எரியும்.

கிராண்ட் ஃபோர்க்ஸ் சின்ன ஊர். சுற்றிலும் தட்டையான சமவெளி, ஆறு மாதம் குளிர். அங்கே பத்து கோடி டாலருக்கு மேல் செலவழித்துக் கட்டிய ஓர் ஐஸ் அரங்கம் 2001-இல் திறந்தது. தோல் இருக்கைகள், கிரானைட் தரை. பழைய மாணவரும் ஒருகாலத்து கோல்கீப்பருமான ரால்ஃப் எங்கல்ஸ்டாட் என்ற சூதாட்ட விடுதி முதலாளி கொடுத்த பணம். அப்போது அணியின் பெயர் 'ஃபைட்டிங் சூ'. ஒரு பழங்குடியின் பெயர். அதை மாற்றினால் கட்டடத்தைப் பாதியிலேயே நிறுத்திக் குளிரில் உறைய விட்டுவிடுவேன் என்று பல்கலைக்கழகத் தலைவருக்குக் கடிதமே எழுதினார் அவர். கட்டடம் முழுக்க அந்தச் சின்னத்தை ஆயிரக்கணக்கில் பதித்தும் வைத்தார். 2012-இல் மாநிலமே வாக்கெடுப்பு நடத்தித்தான் பெயரைக் கைவிட முடிந்தது. ஒரு பெயரைக் காப்பாற்ற இந்த மாநிலம் எவ்வளவு நாள், எவ்வளவு பணம், எவ்வளவு வீம்பு செலவழித்தது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே பல்கலைக்கழகத்தில் பெண்கள் அணியும் இருந்தது. அதில் அந்த ஊர்ப் பெண்கள் இருவர்: மோனிக், ஜோஸ்லின் லமூரூ. இரட்டையர். அப்பா அதே பல்கலைக்கழகத்தின் பழைய கோல்கீப்பர். ஹாக்கிக் குடும்பம். ப்ரோக்ராம் என்ற சொல்லுக்கு உதாரணம் கேட்டால் இந்த வீட்டைக் காட்டலாம்.

2012-13 சீசனில் மினசோட்டா பெண்கள் 41 ஆட்டம் ஆடி 41-உம் ஜெயித்தார்கள். அந்த 41-0 ஏறத்தாழ உடைந்துபோன இடம் காலிறுதி. எதிரணி நார்த் டகோட்டா. இரட்டையர்களுக்குக் கல்லூரியில் கடைசி சீசன். மூன்றாவது ஓவர்டைமில்தான் மினசோட்டா 3-2 என்று தப்பியது. அடுத்த சீசனில் மினசோட்டாவின் தொடர் வெற்றி 62 வரை போனது. 2013 நவம்பரில், மினசோட்டாவின் சொந்த அரங்கத்திலேயே, அதை நிறுத்தியதும் நார்த் டகோட்டாதான். அதே 3-2. அந்தக் காலத்தின் தோற்கடிக்க முடியாத அணியைத் தோற்கடித்த அணி அது.

2017 மார்ச் 28-ஆம் தேதி அமெரிக்கத் தேசியப் பெண்கள் அணி ஒரு போராட்டத்தில் ஜெயித்தது. ஊதியமும் வசதியும் சரிசெய்யாவிட்டால் உலகப் போட்டியில் ஆட மாட்டோம் என்று நின்றார்கள், ஒப்பந்தம் கையெழுத்தானது. நின்றவர்களில் லமூரூ சகோதரிகளும் உண்டு. மறுநாள், மார்ச் 29, நார்த் டகோட்டா பல்கலைக்கழகம் தன் பெண்கள் ஹாக்கி அணியைக் கலைப்பதாக அறிவித்தது. மாநில நிதி குறைந்துவிட்டதாம். நீச்சல் அணிகளும் அதோடு போயின. ஆண்கள் ஹாக்கி போகவில்லை. அதற்கு முந்தைய வருடம்தான் எட்டாவது கோப்பையை எடுத்திருந்தார்கள். ஆட்டக்காரப் பெண்கள் வேறு கல்லூரி தேடி அலைந்தார்கள்.

பதினொரு மாதம் கழித்து, 2018 பிப்ரவரியில், தென் கொரியாவில் ஒலிம்பிக் இறுதி. கனடா 2-1 முன்னிலை. மூன்றாம் பகுதியில் சமன் செய்த கோல் மோனிக் லமூரூவுடையது. ஷூட்அவுட்டில் கனடா கோல்கீப்பரை ஒரு பக்கம் இழுத்து, மறு பக்கம் இழுத்து, தங்கத்தைத் தீர்மானித்த கோல் ஜோஸ்லின் லமூரூவுடையது. இருபது வருடம் கழித்து அமெரிக்கப் பெண்களுக்குத் தங்கம். அதைக் கொண்டுவந்த இரண்டு கோலும் கிராண்ட் ஃபோர்க்ஸிலிருந்து வந்தவை, அங்கே அணி மூடப்பட்ட பிறகு.

இதற்கு மேலும் அந்தப் பல்கலைக்கழகத்தை 'வரலாற்றின் மூன்றாவது மகத்தான ஹாக்கிப் ப்ரோக்ராம்' என்று எழுதக் கை வருமா? எனக்கு வராது. எட்டுக் கோப்பை எடுத்த ஆண்கள் அணி அங்கே இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ப்ரோக்ராமைப் பாதியாக அறுத்துப்போட்டவர்கள் அவர்கள்தான்.

சரி, விமர்சனம் போதும், உன் பட்டியலைச் சொல் என்பீர்கள்.

முதலிடம் விஸ்கான்சின். ஆண்கள் ஆறு (1973, 1977, 1981, 1983, 1990, 2006), பெண்கள் எட்டு (2006, 2007, 2009, 2011, 2019, 2021, 2023, 2025). மொத்தம் பதினான்கு. 2006-ஐ இரண்டு இடத்திலும் பார்த்தீர்களா? ஒரே வருடத்தில் இரண்டு கோப்பையும் எடுத்த முதல் பல்கலைக்கழகம். ஆண்கள் அணியில் ஆடம் புரிஷ், பெண்கள் அணியில் அவருடைய உடன்பிறப்பு நிக்கி புரிஷ். மேடிசன் ஊர்க்காரர்கள்.

ஆனால் எண்ணிக்கைக்காக மட்டும் விஸ்கான்சினை மேலே வைக்கவில்லை. எனக்கு இந்தப் பல்கலைக்கழகத்தின் கதையே ஒரு குடும்பக் கதை. 'பேட்ஜர் பாப்' என்று கூப்பிடப்பட்ட பாப் ஜான்சன் 1973, 1977, 1981 கோப்பைகளை எடுத்த கோச். அவர் மகன் மார்க் ஜான்சன் 1977 அணியில் முதலாமாண்டு மாணவன். மூன்று வருடம் கழித்து லேக் பிளாசிட் ஒலிம்பிக்கில் சோவியத் அணியை அமெரிக்கக் கல்லூரிப் பையன்கள் 4-3 என்று வீழ்த்தினார்களே, அதில் இரண்டு கோல் மார்க் ஜான்சனுடையது. முதல் பகுதி முடிய ஒரு விநாடி இருக்கும்போது அவர் போட்ட கோலுக்குப் பிறகுதான் உலகத்தின் தலைசிறந்த கோல்கீப்பர் ட்ரெட்யாக்கைச் சோவியத் கோச் வெளியே உட்கார வைத்தார். அப்படிப்பட்ட ஆள், 2002-இல் பெண்கள் அணிக்குக் கோச்சாக வந்தார். வந்தவர் அங்கேயே இருந்துவிட்டார். மேலே சொன்ன எட்டுக் கோப்பையும் அவர் காலத்தில் வந்தவை.

இப்போது இன்னொரு கேள்வி கேட்கிறேன். கல்லூரி ஹாக்கியில் அதிகத் தேசியக் கோப்பை எடுத்த கோச் யார்? எந்த வினாடி வினாவிலும் பதில் 'விக் ஹெய்லிகர், ஆறு' என்றுதான் வரும். எட்டு ஆறைவிடப் பெரிது என்று எங்கள் பள்ளியில் ஒண்ணாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்தார்கள்.

2025 இறுதியையும் சொல்லியாக வேண்டும். ஒஹாயோ ஸ்டேட் 3-2 முன்னிலை, ஆட்டம் முடிய 18.9 விநாடி. கோல் முன்னால் எதிரணி ஆட்டக்காரர் ஒருவர் பக்கைக் கையால் மூடிவிட்டார் என்று விஸ்கான்சின் மறுபரிசீலனை கேட்டது. பெனால்டி ஷாட் கிடைத்தது. கிர்ஸ்டன் சிம்ஸ் தனியாகப் போய் அடித்தார். 3-3. ஓவர்டைமில் வெற்றி கோலும் அவருடையதே. 'போட்டியே இல்லாத' ஆட்டத்தின் இறுதி இது.

அங்கே பெண்கள் அணிக்கென்றே 2012-இல் லபான் அரினா என்று தனி அரங்கம் கட்டினார்கள். 2017 ஜனவரியில் பெரிய கோல் சென்டரில் ஒரு பெண்கள் மேட்ச் வைத்தபோது வந்தவர்கள் 15,359 பேர். நார்த் டகோட்டா அணியைக் கலைத்ததும் அதே வருடம்தான்.

இரண்டாமிடம் மினசோட்டா. ஆண்கள் ஐந்து, பெண்கள் ஆறு. மாரியூச்சியின் பிடிவாதத்துக்கு வருகிறேன் என்றேன் அல்லவா. 'எங்க ஊர்ப் பசங்களை வைத்தே ஆடுவேன்' என்ற அந்தக் கொள்கையைப் பின்னாளில் வந்த ஹெர்ப் ப்ரூக்ஸும் பிடித்துக்கொண்டார். 1974, 1976, 1979 என்று மூன்று கோப்பை. அதே ப்ரூக்ஸ்தான் 1980 ஒலிம்பிக் அணியின் கோச். அந்த அணியின் இருபது பேரில் ஒன்பது பேர் மினசோட்டா பல்கலைக்கழகத்துக்காரர்கள். மீதிப் பேரில் பாஸ்டன் யூனிவர்சிட்டி நான்கு, விஸ்கான்சின், பௌலிங் க்ரீன், டுலூத் தலா இரண்டு, நார்த் டகோட்டா ஒன்று. டென்வரும் மிச்சிகனும் பூஜ்யம். ஒரு பல்கலைக்கழகம் தன் மாநிலத்துப் பிள்ளைகளுக்காகப் பிடிவாதம் பிடித்தால் இருபது வருடம் கழித்து என்ன விளையும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியாது. கொள்கைக்கு ஒரு வேடிக்கையான முடிவும் வந்தது. 2002 இறுதியில் மெய்னை ஓவர்டைமில் வீழ்த்திய கோலைப் போட்டவர் கிராண்ட் பொட்டுல்னி. மினசோட்டா அணியில் இருந்த ஒரே வெளிமாநிலத்துக்காரர். எந்த ஊர்? கிராண்ட் ஃபோர்க்ஸ், நார்த் டகோட்டா.

பெண்கள் ஹாக்கிக்கென்றே கட்டப்பட்ட முதல் கல்லூரி அரங்கமும் மினசோட்டாவில்தான், 2002-இல் திறந்த ரிட்டர் அரினா. 41-0 வந்தது அங்கிருந்துதான். இந்த இடத்தில் 'வரலாற்றின் சிறந்த ஒற்றை அணி' என்ற உபசண்டை ஒன்று எப்போதும் கிளம்பும். கார்னெல் 1970: 29-0, கோச் நெட் ஹார்க்னெஸ். மெய்ன் 1993: 42 வெற்றி, ஒரு தோல்வி, இரண்டு டிரா. முதலாமாண்டு மாணவன் பால் கரியா 39 ஆட்டத்தில் 100 புள்ளி. இறுதியில் 4-2 பின்தங்கியிருந்த அணியை மூன்றாம் பகுதியில் ஜிம் மான்ட்கமரி ஹாட்ரிக் அடித்துத் தூக்கிவிட்டார், மூன்றுக்கும் பக்கைக் கொடுத்தது கரியா. இந்த இரண்டுக்குள்தான் சண்டை நடக்கும், மணிக்கணக்கில். எனக்குக் கரியாவின் ஆட்டம் கொள்ளை ஆசை. ஆனாலும் 29-0-வை 'ஒரே குறையற்ற சாம்பியன்' என்று எழுதும்போது பக்கத்தில் 41-0 இருக்கிறது என்று ஒருத்தருக்காவது தோன்ற வேண்டாமா?

மூன்றாமிடத்தில் மினசோட்டா டுலூத்தை வைத்தால் டென்வர்காரர்கள் அடிக்க வருவார்கள். வரட்டும். சுப்பீரியர் ஏரிக்கரையில் ஒரு துறைமுக ஊர். ஆண்கள் மூன்று (2011, 2018, 2019), பெண்கள் ஐந்து (2001, 2002, 2003, 2008, 2010). 2001-இல் நடந்த முதல் பெண்கள் கோப்பையே இவர்களுடையது. முதல் மூன்றும் நாலு அணிக் கோப்பைகள்தான். மிச்சிகனுக்குப் போட்ட கழிவை இங்கேயும் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் டுலூத் செய்த வேலை கோப்பையில் தெரியாது. கோச் ஷானன் மில்லர் சுவீடன், பின்லாந்து, கனடா என்று எல்லா இடத்திலிருந்தும் பெண்களைக் கொண்டுவந்தார். சுவீடனின் மரியா ரூத் அங்கே ஆடிப் பழகியவர். 2006 ஒலிம்பிக் அரையிறுதியில் அமெரிக்காவுக்கு எதிராக இரண்டு கோல் போட்டு, ஷூட்அவுட்டில் வெற்றி கோலும் போட்டவர் அவர். ஒலிம்பிக்கில் பெண்கள் ஹாக்கி வந்ததிலிருந்து இறுதியாட்டம் என்றால் அமெரிக்காவும் கனடாவும்தான் என்றிருந்தது. அதை முதலில் உடைத்த ராத்திரி அது. ஏரிக்கரை ஊர் ஒன்று இன்னொரு நாட்டின் ஆட்டத்தையே மாற்றியிருக்கிறது. 2018 தங்க ஷூட்அவுட்டில் கனடாவின் கடைசி அடியைத் தடுத்த கோல்கீப்பர் மேடி ரூனியும் டுலூத் மாணவிதான்.

டுலூத்தை நான் கோயிலாக்கவில்லை. ஐந்து கோப்பை எடுத்த அதே மில்லரின் ஒப்பந்தத்தை 2014 டிசம்பரில், செலவைக் காரணம் காட்டிப் புதுப்பிக்காமல் விட்டார்கள். அவர் வழக்குப் போட்டார். 2018-இல் நடுவர் குழு பாலினப் பாகுபாடு நடந்தது என்று தீர்ப்புச் சொல்லி 37 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்கச் சொன்னது. நல்ல ப்ரோக்ராமும் இப்படி நடந்துகொள்ளும். அணியையாவது விட்டுவைத்தார்களே என்ற அற்ப ஆறுதலில் மூன்றாமிடம் கொடுக்கிறேன்.

நாலாவது டென்வர். அப்புறம் பாஸ்டன் காலேஜும் பாஸ்டன் யூனிவர்சிட்டியும், எந்த வரிசையில் வேண்டுமானாலும். அவர்கள் இருவருக்கும் உள்ள சண்டையை 1952-இல் தொடங்கிய பீன்பாட் போட்டியில் வருடாவருடம் அவர்களே தீர்த்துக்கொள்கிறார்கள். 1,123 வெற்றி எடுத்த ஜெர்ரி யார்க் ஒருவருக்காக பாஸ்டன் காலேஜை ஒரு படி மேலே வைக்கலாம். அதற்குக் கீழே மிச்சிகன். ஆண்கள் பட்டியலில் பெயரே வராத கிளார்க்சனை நான் நிச்சயம் சேர்ப்பேன். நியூயார்க் மாநிலத்தின் வடகோடியில் சின்னக் கல்லூரி. ஆண்கள் மூன்று இறுதியில் தோற்றார்கள். பெண்கள் 2014, 2017, 2018 என்று மூன்று கோப்பை எடுத்தார்கள். அந்த மூன்று பேரின் ஏகபோகத்தை முதலில் உடைத்ததும் கிளார்க்சன்தான். 'போட்டியில்லை' என்ற வாதம் செத்து அதற்குள் பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, பிணத்தைத்தான் இன்னும் தூக்கிக்கொண்டு திரிகிறார்கள்.

2025 ஆகஸ்டிலிருந்து கனடாவின் மேஜர் ஜூனியர் ஆட்டக்காரர்களும் அமெரிக்கக் கல்லூரியில் ஆடலாம் என்று விதி மாறியிருக்கிறது. கல்லூரிகள் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணமும் கொடுக்கலாம். ஆண்கள் அணிக்கு ஆள் பிடிக்கப் பணம் கொட்டப்போகிறது. பட்டியல்கள் இனி இன்னும் வேகமாக மாறும். அடுத்த தடவை பட்டியல் போடுகிறவருக்கு எழுத்து வேலை பற்றி ஒரே ஒரு யோசனை. ஆண்கள், பெண்கள் என்று இரண்டு கட்டம் போடுங்கள். டென்வருக்கும் மிச்சிகனுக்கும் இரண்டாவது கட்டத்தில் பூஜ்யம் என்று எழுதாதீர்கள். பூஜ்யம் என்பது ஆடித் தோற்றவர்களின் எண். பாஸ்டன் காலேஜ் பெண்கள் 2016-இல் நாற்பது ஆட்டம் தொடர்ந்து ஜெயித்துவிட்டு இறுதியில் மினசோட்டாவிடம் தோற்றுப்போனார்களே, அவர்களுடைய எண். டென்வருக்கும் மிச்சிகனுக்கும் 'அணி இல்லை' என்று எழுதுங்கள். நார்த் டகோட்டாவுக்கு 'கலைக்கப்பட்டது, 29 மார்ச் 2017'.